நிதித்துறை வேலையில் கணக்கறிவும் மனப்பக்குவமும்: எதை எங்கே பயன்படுத்துவது, எப்படிப் பழகுவது

வங்கியின் கடன் பிரிவிலோ, ஆடிட் ஆபீஸிலோ, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்திலோ ஓராண்டு வேலை பார்த்தவர்களிடம் எது கஷ்டம் என்று கேளுங்கள். ரேஷியோ போடுவது என்று பெரும்பாலும் பதில் வராது. அப்பா வயதுள்ள ஒரு முதலாளியிடம் "இந்த ஸ்டாக் குடோனில் இருக்கிறதா?" என்று கேட்பது, போட்ட பணம் கரைந்துபோன வாடிக்கையாளரின் போனை எடுப்பது, அனுப்பிய ரிப்போர்ட்டில் தப்பு இருக்கிறது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்வது, இவைதான் கஷ்டம் என்பார்கள்.

அறிவா, மனப்பக்குவமா என்று பட்டிமன்றம் வைத்து ஒரு பக்கம் தீர்ப்புச் சொன்னால் வேலையில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரே வேலைக்குள் இரண்டும் அடுத்தடுத்த நிமிடங்களில் தேவைப்படுகின்றன. பிரச்சினை எங்கே என்று கணக்கு காட்டும். அதைப் பற்றிய உண்மையை எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வரவைப்பதற்கும், வந்ததைக் கேட்டுப் பதறாமல் முடிவெடுப்பதற்கும் பக்குவம் வேண்டும். பலர் இதைப் பிறவிக் குணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதுவும் கணக்கைப் போலவே படிப்படியாகப் பழகக்கூடியதுதான்.

கணக்கில் பிடி இல்லாத கனிவு ஆபத்தானது

"வெற்றியில் 80 சதவீதம் ஈக்யூ (உணர்வுத்திறன்), 20 சதவீதம்தான் ஐக்யூ (அறிவுத்திறன்)" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வரியை நம்பிப் படிப்பில் அசட்டையாக இருக்காதீர்கள். அப்படி ஒரு விகிதத்தை எந்த ஆராய்ச்சியும் நிறுவவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பொது அறிவுத்திறனுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 (முழுத் தொடர்பு என்றால் 1) என்று வந்தது. 2022-ல் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் கணக்கிடும் முறையைத் திருத்திப் பார்த்தபோது அது 0.31 ஆகக் குறைந்தது. குறைந்தாலும் அது ஒதுக்கிவிடக்கூடிய அளவு இல்லை. உணர்வுத்திறனைப் பொறுத்தவரை ஜோசப், நியூமன் இருவரின் 2010 ஆய்வு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது: வாடிக்கையாளரோடு நாள் முழுவதும் பேசி, தன் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தியே பிழைக்க வேண்டிய வேலைகளில் அது நன்றாக உதவுகிறது; அப்படி இல்லாத வேலைகளில் அதன் பலன் தெளிவாக இல்லை.

ஆக, நீங்கள் உட்காரும் நாற்காலியைப் பொறுத்தே விகிதம் மாறும். ரிஸ்க் மாடல் எழுதுபவருக்கும் டெரிவேட்டிவ் விலை கணக்கிடுபவருக்கும் கணிதம்தான் சோறு போடும். கடன் அதிகாரி, ரிலேஷன்ஷிப் மேனேஜர், ஆடிட்டர், மாதக் கணக்கு முடித்துத் தரும் அக்கவுண்டன்ட் ஆகியோருக்கு இரண்டும் வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் நேரத்தில் முக்கால் பங்கைக் கணக்குக்கே கொடுங்கள். வங்கியில் இருந்தால் வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வு, ஃபண்ட் விநியோகத்துக்கு என்ஐஎஸ்எம் என்ற பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனத்தின் 5ஏ தேர்வு, ஆடிட்டில் சிஏ. 5ஏ தேர்வில் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அந்த 50 மதிப்பெண்ணோடு நின்றுவிட்டு, சிரித்த முகத்தையும் இனிமையான பேச்சையும் நம்பி விற்கக் கிளம்புகிறவர்தான் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பிஎஃப் பணத்தைச் சிறிய கம்பெனிப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டில் போட்டுவிடுகிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அந்த ஃபண்ட் எவ்வளவு விழக்கூடும் என்பது அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் நம்மை நம்பும்படி பேசத் தெரிந்தவருக்கு, தான் விற்பதை முழுதாகப் புரிந்துகொள்ளும் கடமை மற்றவரைவிட அதிகம்.

கடன் பிரிவு: உண்மையைப் பேசவைக்கும் முறை

இரண்டு திறனும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். திருப்பூரில் ஆண்டுக்கு 3.75 கோடி விற்பனை உள்ள ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சிறு நிறுவனங்களுக்கான நாயக் குழு முறைப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம், அதாவது 75 லட்சம் சிசி லிமிட் (தொழில் நடத்த அவ்வப்போது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனின் உச்சவரம்பு) கிடைத்திருக்கிறது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வருகிறது. ஸ்டாக் 80 லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது 20 லட்சம். மீதி 60 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் (வங்கி கடன் தராமல் கழிக்கும் பகுதி) போக 45 லட்சம். 90 நாளுக்குள்ளான வரவேண்டிய பாக்கி 40 லட்சம். அதற்கு 40 சதவீத மார்ஜின் போக 24 லட்சம். இரண்டும் சேர்ந்து டிராயிங் பவர், அதாவது இப்போது எடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை, 69 லட்சம். லிமிட் 75 ஆனாலும் 69-க்கு மேல் எடுக்க முடியாது. மார்ஜின் விகிதம் சாங்ஷன் கடிதத்துக்குக் கடிதம் மாறும். கடிதத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

இதுவரை மூளைக்கு மட்டும் வேலை. இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை இப்படி இருக்கும்: மூன்று மாதமாக ஸ்டாக் அதே 80 லட்சம். மின்கட்டணம் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனைக்கும் சிசி கணக்கில் வந்து விழும் வரவுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. திருப்பூரில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். சனிக்கிழமை எடுக்கும் பணம் திடீரெனப் பாதியானால் ஆள் குறைந்திருக்கிறது, அல்லது சம்பளப் பணம் வேறு எங்கிருந்தோ வருகிறது. இரண்டாவது காரணம் முதலாவதைவிட மோசம்.

இங்கேதான் புதியவர்கள் இரண்டு வகையாகத் தவறுகிறார்கள். ஒரு வகையினர் கேட்கவே மாட்டார்கள். பெரியவர், டீ வாங்கிக் கொடுத்தார், மேனேஜருக்குத் தெரிந்தவர் என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டு, பார்த்ததை இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் மென்மையாக்கி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு வகையினர் போலீஸ் மாதிரி கேட்பார்கள். முதலாளி சுருங்கிவிடுவார், அதற்குப் பின் வருவதெல்லாம் ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த பதில்.

சரியான முறை ஓரளவு நிலையானது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள். சம்பள நெருக்கடியில் இருப்பவர் எதற்கும் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார். செவ்வாய், புதன் காலை நல்லது. ஆபீஸ் அறையில் உட்காருவதற்கு முன் "அண்ணா, கம்பெனியை ஒரு சுத்து பார்த்துட்டு வந்துடலாங்களா?" என்று எழுந்து நடங்கள். நடக்கும்போது பேச்சு எளிதாக வரும். எத்தனை தையல் மிஷின் மூடி வைத்திருக்கிறது என்பதும் கண்ணில் படும். கேள்விகளை இந்த வரிசையில் வையுங்கள்: முதலில் உற்பத்தி, அடுத்து வாங்குபவர்கள், அடுத்து பணம் வரும் காலம், கடைசியாக வெளிக்கடன். வெளிக்கடனை முதலில் கேட்டால் எல்லாக் கதவும் மூடிவிடும்.

வாங்குபவர் பற்றிய கேள்வியை "ஏன் பணம் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். "முன்னாடி அறுபது நாள்ல வந்துட்டிருந்த பேமென்ட் இப்ப எத்தனை நாள் ஆகுதுங்க?" என்று கேளுங்கள். ஒரு எண்ணைக் கேட்டால் அவரும் ஒரு எண்ணையே சொல்வார். "அது கிடக்குது தம்பி, நூத்திப்பத்து நாள் ஓட்டுறாங்க" என்று வரும். அந்த 110 நாளை உங்கள் டிராயிங் பவர் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 90 நாளைத் தாண்டிய பாக்கி கணக்கிலேயே சேராது. 24 லட்சமாகக் காட்டிய இடத்தில் உண்மையில் 8 லட்சம்கூடத் தேறாமல் போகலாம்.

பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பது அடுத்த படி. ஐந்து நொடி, பத்து நொடி மௌனம் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும், அவருக்கும்தான். அதை நீங்கள் நிரப்பாவிட்டால் அவர் நிரப்புவார், முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வெளியே வரும். அதன்பிறகு வெளிக்கடன்: "சீட்டு ஏதாச்சும் ஓடுதுங்களா? மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" சீட்டு என்று கேட்பதில் அவமானம் இல்லை, அங்கிருந்து தொடங்கினால் வார வட்டிக்கு வாங்கியதும் தானாக வரும். தொழிலாளர்கள் முன்னாலோ, அவர் மகன் முன்னாலோ இந்தக் கேள்வியை வைக்காதீர்கள். அவர் மகனுக்கே அந்தக் கடன் தெரியாமல் இருக்கலாம்.

கிளைக்குத் திரும்பியதும் அன்றைக்கே குறிப்பு எழுதுங்கள். மறுநாள் எழுதினால் கேட்டதும் நீங்கள் ஊகித்ததும் கலந்துவிடும். பார்த்தது, அவர் சொன்னது, நான் நினைப்பது என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதினால், பின்னால் யார் படித்தாலும் எது சாட்சி, எது அபிப்பிராயம் என்று தெரியும். பக்குவமாகப் பேசிப் பெற்ற தகவலை இரக்கப்பட்டு மறைப்பது அவருக்கும் நல்லதல்ல. கணக்கு வாராக்கடனாகிவிட்டால் பாதிப்பு முதலில் அவருக்குத்தான்.

நாட்கள் எண்ணப்படும்போது பேசுவது

தவணை தவறிய கடன்களில் நேரம்தான் எல்லாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஜூன் 5 தவணை கட்டப்படாவிட்டால் அன்றிரவே அந்தக் கணக்கு எஸ்எம்ஏ-0 (சிக்கல் தொடங்கிய கணக்குகளின் முதல் படி). கட்டாமலே போனால் ஜூலை 5-ல் எஸ்எம்ஏ-1, ஆகஸ்ட் 4-ல் எஸ்எம்ஏ-2, செப்டம்பர் 3-ல் என்பிஏ, அதாவது வாராக்கடன். பேசத் தயங்கும் அதிகாரி முதல் போனை ஆகஸ்ட் கடைசியில் செய்வார். அப்போது பேச ஒன்றும் மிச்சம் இருக்காது, மிரட்டத்தான் முடியும்.

முதல் போனை முதல் வாரத்தில் செய்யுங்கள். அதில் பணம் கேட்பதைவிடக் காரணம் கேட்பது முக்கியம்: மறதியா, தற்காலிக நெருக்கடியா, தொழிலே படுத்துவிட்டதா? மூன்றுக்கும் மூன்று விதமான சிகிச்சை. மறந்தவருக்கு நினைவூட்டல் போதும். நெருக்கடியில் இருப்பவரிடம் ஒரு தேதியையும் தொகையையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதை எஸ்எம்எஸ்-ஸில் உறுதிசெய்யுங்கள். நீங்கள் திணித்த தேதியைவிடத் தானே சொன்ன தேதியைக் காப்பாற்றத்தான் மனிதர்கள் முயல்வார்கள். தொழில் படுத்தவரை இரண்டாவது மாதத்துக்குள் நேரில் பார்த்து, சொத்து விற்பனையா, தவணை மாற்றமா என்ற பேச்சை மேலதிகாரியோடு சேர்த்துத் தொடங்குங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முகவராக இல்லாவிட்டாலும் அதே எல்லையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் இல்லை என்று சொல்வதும் இதே ரகம்தான். டிஎஸ்சிஆர் (கடன் கட்டக் கிடைக்கும் வருமானத்தைக் கட்ட வேண்டிய தொகையால் வகுத்த விகிதம்) போட்டுப் பார்க்கிறீர்கள்: நிகர லாபம் 8 லட்சம், தேய்மானம் 6, டேர்ம் லோன் வட்டி 6, ஆக 20 லட்சம். கட்ட வேண்டியது அசல் 14, வட்டி 6, அதுவும் 20. விகிதம் 1.0. சம்பாதிப்பதெல்லாம் தவணைக்கே போகிறது. ஒரு ஆர்டர் ரத்தானாலும் தவணை தவறும். விகிதம் 1.25-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வங்கிகள் கடன் தரத் தயங்கும். இதை "மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி அனுப்புவது கோழைத்தனம் மட்டும் அல்ல. அவர் அடுத்த வங்கிக்குப் போய் அதே பிழையைச் செய்வார். முடிவு தெரிந்த ஓரிரு நாளுக்குள் நேரில் கூப்பிட்டு, முதல் வாக்கியத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த 20-ஐயும் 20-ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அசலை ஐந்துக்குப் பதில் ஏழு ஆண்டில் கட்டுவதாக இருந்தால் அசல் 10 ஆகும். அப்போது கட்ட வேண்டியது 16, விகிதம் 1.25. இல்லை என்ற பதிலோடு இந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் மனிதர் ஆறு மாதம் கழித்துச் சரியான கணக்கோடு உங்களிடமே திரும்பி வருவார்.

சந்தை விழும் நாளில்

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி, 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஜனவரியில் 12,400 தாண்டிய நிஃப்டி மறுநாள் 7,511 வரை போனது. அன்றைக்கு வந்த போன்களில் "விற்றுவிடலாமா?" என்று கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது பொருளாதார வகுப்பு அல்ல. ஒரு மனிதன் நஷ்டத்தின் வலியை, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடச் சுமார் இரண்டு மடங்காக உணர்கிறான் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள். அந்த வலியில் இருப்பவர் காதில் சிஏஜிஆர் (கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம்) ஏறாது.

அதனால் அந்த நாளுக்கான வேலையைக் கணக்கு தொடங்கும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். சதவீதத்தில் பேசாதீர்கள், ரூபாயில் பேசுங்கள். "நீங்க பங்குல போடுற 10 லட்சம் ஒரு கட்டத்துல 6 லட்சமா தெரியலாம். 2008-ல சென்செக்ஸ் 21,000-க்கு மேலிருந்து பத்தே மாசத்துல 8,000-க்குக் கீழே போச்சு; அது மாதிரி வந்தா 4 லட்சம்கூட இருக்காது. அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு, பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பதிலைச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். மனைவியோ கணவரோ உடன் இருந்தால் அவர் முகத்தையும். வாய் "தாங்கிக்குவேன்" என்று சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் சுண்டினால், பங்குகளில் போடும் அளவை 60 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ரிஸ்க் ப்ரொஃபைல் படிவத்தின் இருபது கேள்விகள் சொல்லாததை அந்த முகம் சொல்லிவிடும்.

மறுசீரமைப்பு விதியையும், அதாவது விகிதம் மாறினால் பணத்தை எப்படி மாற்றிச் சரிசெய்வது என்பதையும், அன்றே எழுதி வையுங்கள். 10 லட்சத்தில் பங்கு 6, கடன் பத்திரங்களில் போடும் கடன் ஃபண்ட் 4. பங்கு 30 சதவீதம் விழுந்தால் 4.2 லட்சம், மொத்தம் 8.2. அதில் பங்கு முதலீட்டின் அளவு சுமார் 51 சதவீதம். ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் சரிசெய்வது என்று விதி இருந்தால், 60 சதவீதத்துக்குத் தேவை 4.92 லட்சம்; ஆகவே 72,000 ரூபாயைக் கடன் ஃபண்டிலிருந்து பங்குக்கு மாற்ற வேண்டும். பயந்திருக்கும் மனிதரிடம் "இன்னும் வாங்குங்கள்" என்றால் கோபப்படுவார். அவரே கையெழுத்திட்ட தாளைக் காட்டி "72,000 மாத்தணும்னு நாம முன்னாடியே எழுதியிருக்கோம்" என்றால் யோசிப்பார்.

போன் வரும்போது பேச்சின் வரிசை: முதலில் அவர் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும், இடையில் "பயப்படாதீங்க" என்று சொல்லாதீர்கள், அது அவர் பயத்தை அற்பமாக்குகிறது. பிறகு ஒரே கேள்வி: "இந்தப் பணம் அடுத்த மூணு வருஷத்துக்குள்ள எதுக்காவது வேணுமா?" மகள் கல்யாணம் எட்டு மாதத்தில் என்றால், அந்தத் தொகை பங்கில் இருந்ததே பிழை, அதை மட்டும் எடுப்பது பற்றிப் பேசுங்கள். தேவை இல்லை என்றால் எழுதிய தாளை எடுங்கள். அவர் உறுதியாக விற்கச் சொன்னால் 24 மணி நேரம் கேளுங்கள். அப்போதும் விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொடுங்கள். பணம் அவருடையது. எஸ்ஐபி-யை (மாதாமாதம் போடும் தவணை முதலீட்டை) நிறுத்தக் கேட்பவருக்குப் பாதியாகக் குறைப்பது நல்ல நடுவழி. முழுதாக நிறுத்தினால் பலர் திரும்பத் தொடங்குவதே இல்லை.

உங்கள் சொந்தப் பயமும் ஆசையும்

பிறர் உணர்ச்சியைக் கையாள்வதைவிடத் தன்னுடையதைக் கையாள்வது கடினம், அதிலும் புத்திசாலிகளுக்கு. 1994-ல் தொடங்கிய லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதியத்தில் 1997-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் இருந்தார்கள். 1998-ல் அது சில மாதங்களில் சுமார் 460 கோடி டாலரை இழந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் முன்னின்று அழைத்து, 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அவர்கள் கணிதத்தில் சளைத்தவர்கள் அல்ல. ஒரு டாலர் முதலுக்கு 25 டாலருக்கு மேல் கடன் வாங்கும் அளவுக்குத் தங்கள் கணிதத்தின்மேல் நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

சிறிய அளவிலும் இதேதான் நடக்கிறது. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் தரகுக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. நம் ஊரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள்.

டீலிங்கிலோ, ரிசர்ச்சிலோ, ஃபண்ட் பிரிவிலோ இருந்தால் முடிவுக் குறிப்பேடு ஒன்று கட்டாயம் வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஐந்து வரி: தேதியும் விலையும், ஒரே வாக்கியத்தில் காரணம், எது நடந்தால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன், அதிகபட்சம் எத்தனை ரூபாய் இழக்கச் சம்மதம், அந்த நேரத்தில் மனநிலை. கடைசி வரியைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். "நேற்று விட்ட காசைப் பிடிக்க", "பக்கத்து சீட்டுக்காரர் லாபம் பார்த்துவிட்டார்", "சரியாகத் தூங்கவில்லை" என்று உள்ளதை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, நஷ்டமானவற்றின் கடைசி வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால், உங்கள் பணத்தைத் தின்பது எந்த உணர்ச்சி என்று தெரிந்துவிடும். அது தெரிந்தபின் விதி எழுதுவது எளிது: நஷ்டப்பட்ட நாளில் புதிய பொசிஷன் இல்லை, மதியம் 3 மணிக்கு மேல் அளவைக் கூட்டுவதில்லை என்பது போல.

ஆடிட்டில் வேண்டிய துணிச்சல்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று எழுதிக்கொடுத்தார். வங்கி இருப்பைச் சரிபார்ப்பது ஆடிட்டில் மிக எளிய வேலைகளில் ஒன்று. எஸ்ஏ 505 என்ற ஆடிட் விதி சொல்வது, வங்கியின் பதில் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும் என்பது. கம்பெனி அக்கவுண்டன்ட் "நானே வாங்கித் தந்துடுறேன் தம்பி" என்று சொல்லும்போது, சிஏ படிப்புக்காக ஆடிட் ஆபீஸில் பயிற்சி பெறும் இருபது வயது ஆர்ட்டிகிள் மாணவர் அதை மறுக்கத் தயங்குவதில்தான் ஓட்டை விழுகிறது.

மறுக்கும் விதம் இது: ஆளைச் சந்தேகிக்காமல் முறையைக் காரணம் காட்டுங்கள். "உங்களை நம்பலேன்னு இல்ல சார். எங்க ஃபைல்ல பாங்க்கோட கவர் இருக்கணும், இல்லேன்னா என் சீனியர் கையெழுத்துப் போட மாட்டாரு." கடிதத்தை நீங்களே வங்கிக்கு அனுப்புங்கள். பதில் வரும் மின்னஞ்சல் முகவரி வங்கியின் அதிகாரபூர்வ முகவரிதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள அக்கவுண்டன்டிடம் ஒரு என்ட்ரியைப் பற்றிக் கேட்கும்போது, "இது எப்படித் தப்பாச்சு?" என்பதைவிட "இந்த பில் உள்ளே வந்ததிலிருந்து பேமென்ட் வரைக்கும் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை காட்டுங்க சார்" என்று கேட்டால், தப்பு நடக்கும் இடத்தை அவரே காட்டிவிடுவார். மூன்று முறை கேட்டும் ஆவணம் வரவில்லை என்றால் நான்காவது முறை கேட்காதீர்கள். கேட்ட தேதிகளோடு சீனியருக்கு எழுதுங்கள்.

பழகும் வழி

வாரம் ஒரு முறை, 15 நிமிடம், ஒரு சக ஊழியரோடு உட்காருங்கள். ஒருவர் கடன் மறுக்கப்பட்டவராகவும் மற்றவர் அதிகாரியாகவும் பேசிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் விற்கத் துடிக்கும் வாடிக்கையாளர். அதற்கடுத்து ஆவணம் தராத அக்கவுண்டன்ட். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். பேச்சைப் போனில் பதிவுசெய்து கேட்டால், எத்தனை முறை இடைமறிக்கிறீர்கள் என்பது உடனே தெரியும். தமிழிலேயே செய்யுங்கள். பயிற்சி வகுப்பில் ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர்கள் கிளையில் கோபக்காரர் முன்னால் வார்த்தை இல்லாமல் நிற்பது, அவற்றைத் தமிழில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காததால்தான்.

கோபத்தில் எழுதிய மெயிலை டிராஃப்டில் வைத்து மறுநாள் காலை படியுங்கள். அன்றே பதில் வேண்டும் என்றால் "பார்த்துவிட்டு மாலை 5 மணிக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போதும். 5 மணிக்குச் சொல்லியும் விடுங்கள். அனுப்பிய எம்ஐஎஸ்-ஸில் (நிர்வாகத்துக்கான கணக்கு அறிக்கையில்) பிழை கண்டால், கண்ட ஒரு மணி நேரத்துக்குள் மேனேஜருக்கு மூன்று வாக்கியம்: எந்த எண் தவறு, சரியான எண் எது, அது யார் யாருக்குப் போயிருக்கிறது. மன்னிப்பும் விளக்கமும் அதற்குப் பிறகு. வரிசை மாறி விளக்கம் முதலில் வந்தால், மேனேஜர் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்வார். சரியான எண் மேலே போய்ச் சேரவும் தாமதமாகும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்று பேரிடம் கேளுங்கள்: ஒரு மேலதிகாரி, ஒரு சமநிலை ஊழியர், உங்களைவிட இளையவர் ஒருவர். "நான் எப்படி வேலை செய்கிறேன்?" என்று கேட்டால் "நல்லாத்தான் பண்றீங்க" என்றுதான் வரும். "நெருக்கடியான நேரத்தில் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கியிருக்கிறீர்களா? எதை?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அங்கேயே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல், நன்றி சொல்லிவிட்டு தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் அடுத்த முறை எதுவும் சொல்ல மாட்டார். இளையவர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அடுத்த ஆறு மாதத்தில் அதே மூன்று பேரிடம் அதே கேள்வியை வைத்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.